பொம்மையில் பழகும் வைத்தியம்: ஸ்கில்ஸ் லேப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மயக்கவியல் மருத்துவர். தமிழ்நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஸ்கில்ஸ் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் புது பேட்ச் வரும்போது அதே கேள்விகள் வருகின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், பெற்றோர் கேட்கிறார்கள், சில சமயம் சக பேராசிரியர்களும் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"ஸ்கில்ஸ் லேப்னா என்ன மேடம்? அனாடமி ஹால் மாதிரி இன்னொரு லேபா?"

அனாடமி ஹாலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பீர்கள். இங்கே அந்த உடம்புக்குச் செய்ய வேண்டியதைச் செய்து கை பழகும். ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, தையல், சிறுநீர்க் குழாய், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப், பிரசவம், மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். என்று எல்லாமே நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் பொம்மையில். ஸ்டாக் ரிஜிஸ்டரில் மேனிக்வின் என்று எழுதியிருக்கும். ஸ்டோர் கீப்பர் முதல் டீன் வரை வாயில் வருவது என்னவோ பொம்மைதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பொம்மையோடு முடிந்துவிடுவதும் இல்லை. நோயாளியாக நடிக்கிறவர்களிடம் பேசிப் பழகுவது, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு அவசர நிலையை ஒத்திகை பார்ப்பது எல்லாம் இங்கேதான்.

"இது கட்டாயமா? எங்க அண்ணன் எம்.பி.பி.எஸ். படிச்சப்ப இப்படி ஒண்ணு இல்லையே."

உங்கள் அண்ணன் 2019க்கு முன்னால் சேர்ந்திருப்பார். அந்த ஆண்டுதான் திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் நாடு முழுக்க வந்தது. அதோடு ஸ்கில்ஸ் லேபும் கட்டாயமாகிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2020 விதிகள் இடத்தைக்கூட அளந்து சொல்லியிருந்தன. ஆண்டுக்கு 100 அல்லது 150 பேர் சேரும் கல்லூரிக்குக் குறைந்தது 600 சதுர மீட்டர், 200 அல்லது 250 பேர் என்றால் 800.

சில திறன்களை "தானே தனியாகச் செய்தார்" என்று ஆசிரியர் சான்று கொடுக்க வேண்டும். அதற்கான வரிசை எளிமையானது: செய்து காட்டுவதைப் பார்ப்பது, பக்கத்தில் நின்று கவனிப்பது, கூட உதவுவது, பிறகு தானே செய்வது. கடைசிப் படிக்கு வரும்போதுதான் பாதிப் பேருக்குக் கை நடுங்குகிறது. நடுங்கட்டும், இங்கே நடுங்கினால் யாருக்கும் வலிக்காது.

"பொம்மை மேல குத்திப் பழகி என்ன பிரயோஜனம்? நிஜ ஆளு வேற இல்லையா?"

வேறுதான். அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் பொம்மை இல்லாவிட்டால் உங்கள் முதல் ஐம்பது தப்புகளும் யார் உடம்பில் நடக்கும்? எங்கள் காலத்தில் "ஒண்ணு பார், ஒண்ணு செய், ஒண்ணு சொல்லிக்கொடு" என்பதுதான் முறை. அந்த இரண்டாவது "ஒண்ணு" பெரும்பாலும் பொது வார்டில், ஏன் என்று கேட்கத் தெரியாத ஏழை நோயாளியின் கையாகவே இருந்தது. எனக்கு அதில் இன்னமும் உறுத்தல் உண்டு.

யோசனையும் புதிதல்ல. சுஸ்ருத சம்ஹிதையில் பயிற்சிக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. கீறிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. குத்திப் பழகத் தாமரைத் தண்டும் இறந்த விலங்கின் ரத்தக்குழாயும். தைத்துப் பழகத் துணி. கட்டுப்போட்டுப் பழக ஆள் உருவில் ஒரு பொம்மை. சாஸ்திரம் எவ்வளவு படித்திருந்தாலும் கைப்பழக்கம் இல்லாதவன் வேலைக்கு ஆகமாட்டான் என்பதுதான் அங்கே வாதம்.

நம் காலத்து ஆதாரம் வேண்டுமென்றால் இரண்டு சொல்கிறேன். சிகாகோவில், கழுத்துப் பக்கம் பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் சென்ட்ரல் லைன் என்ற குழாயைப் பொம்மையில் தேறும்வரை பழகிய பிறகே பயிற்சி மருத்துவர்களை ஐ.சி.யு.வுக்குள் விட்டார்கள். அந்தக் குழாயால் வரும் ரத்தத் தொற்று, 1000 குழாய் நாட்களுக்கு (ஒருவர் உடம்பில் ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) 3.2 ஆக இருந்தது 0.5 ஆக இறங்கியது. 2009இல் வெளிவந்த ஆய்வு அது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிரசவ அறை ஆட்கள் எல்லோருக்கும், குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று பொம்மையில் பயிற்சி கொடுத்தார்கள். அப்படிச் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தது.

"எங்க காலேஜ்ல பெரிய கம்ப்யூட்டர் பொம்மையெல்லாம் இல்ல. நாங்க பின்தங்கிடுவோமா?"

மாட்டீர்கள். விலை உயர்ந்த பொம்மை கண் சிமிட்டும், வியர்க்கும், நாடி துடிக்கும். டீமாகச் செய்யும் ஒத்திகைக்கு அது நன்றாக இருக்கும். இதய ஒலிகளைக் கேட்டுப் பழக 1968இல் மயாமி பல்கலைக்கழகத்தில் உருவான 'ஹார்வி' போன்ற பொம்மைகளுக்கும் தனி மதிப்பு உண்டு. வார்டில் ஒரு மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு சுருக்கம்) நோயாளியின் நெஞ்சில் முப்பது பேர் ஸ்டெத் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மதிப்பு புரியும்.

ஆனால் தையல் பழகக் கம்ப்யூட்டர் எதற்கு? பல கல்லூரிகளில் பெரிய பொம்மை பிளாஸ்டிக் உறை போட்டு, இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். மாணவர் கை படாத லட்ச ரூபாய்ப் பொம்மையைவிடக் கிழிந்துபோன ஸ்பாஞ்ச் மேல்.

ஒரு நல்ல உதாரணம், பிறந்த குழந்தைக்கு மூச்சூட்டப் பழகும் எளிய ரப்பர் பொம்மை. உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பினால் நிஜக் குழந்தையின் கனமும் சூடும் வந்துவிடும், தலையும் குழந்தை போலவே தொங்கும். பேட்டரி கிடையாது. பிறந்த முதல் ஒரு நிமிஷத்துக்குள் மூச்சூட்ட வேண்டும் என்ற பாடத்தை அதைவிட நன்றாக வேறு எதுவும் சொல்லித் தந்து நான் பார்த்ததில்லை.

"ஹாஸ்டல் ரூம்ல எதை வெச்சுப் பழகலாம்?"

முடிச்சுக்கு ஷூ லேஸ் போதும். நாற்காலிக் காலில் கட்டி, இரண்டு கையாலும் ஒரு கையாலும் முடிச்சுப் போடுங்கள். பார்க்காமல் போட வரும்வரை விடாதீர்கள். தையலுக்கு மெத்தைக் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் துண்டு, அதன்மேல் ரெக்ஸின். வாழைப்பழத் தோல் இன்னும் நல்லது, இழுத்துத் தைத்தால் கிழிந்து உங்கள் முரட்டுத்தனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கறிக்கடையில் தோலோடு கோழிக்கால் வாங்கிப் பழகுகிறவர்களும் உண்டு. வாங்கினால் மெஸ் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தச் சண்டையை நான் ஒரு முறை தீர்த்து வைத்திருக்கிறேன்.

ஊசியை மட்டும் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக வேண்டாம். ரூம்மேட் கையில் "சும்மா ஒரு தடவை" குத்திப் பார்ப்பதும் வேண்டாம்.

"சி.பி.ஆர். பொம்மைக்கு ஏன் எப்பவும் ஒரே பொண்ணு முகம்?"

அவள் பெயர் ஆன். நார்வேயின் ஸ்டாவாங்கரில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டல் 1960இல் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசின் சேன் ஆற்றில் கிடைத்த, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் முகத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் அச்சு ஒன்று ஐரோப்பாவில் பல வீடுகளில் அலங்காரமாகத் தொங்கியது. அந்த முகத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

நம் ஊருக்கு வந்தால் வேறு ஒரு சங்கடம். அந்தப் பொம்மை போட்டிருப்பது ஜிப் வைத்த சட்டை, நெஞ்சும் தட்டை. பஸ் ஸ்டாண்டில் விழுகிற அம்மா புடவை கட்டியிருப்பார். பெண்கள் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நெஞ்சை அழுத்தத் தயங்குகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் எங்கள் லேபில் ஒரு ஆனுக்கு நைட்டியும் இன்னொரு ஆனுக்குப் பழைய காட்டன் புடவையும் போட்டு வைத்திருக்கிறோம். முதல் நாள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் முந்தானையை விலக்கிவிட்டுக் கை வைக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

"சி.பி.ஆர்.ல எல்லாரும் பண்ற தப்பு எது?"

எண்களை எல்லோரும் ஒப்பித்துவிடுகிறார்கள்: நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. தப்பு கையில் இருக்கிறது. முழங்கை மடங்கும். அழுத்தியபின் நெஞ்சு முழுதாக மேலே வர விடாமல் அதன்மேலேயே சாய்ந்துகொள்வார்கள். இரண்டு நிமிஷம் கழித்து ஆள் மாற மாட்டார்கள், ஏதோ மானப் பிரச்சினை போல. ஒரு நிமிஷத்திலேயே ஆழம் குறைய ஆரம்பிக்கும், அழுத்துகிறவருக்கு அது தெரியாது.

இன்னொன்று, கட்டிலில் கிடப்பவருக்குத் தரையில் நின்று அழுத்துவது. குள்ளமானவர்கள் ஸ்டூல் போட்டு ஏறுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஸ்டூல் ஆள்தான்.

எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் எண்ணும்போது பத்து வரை வேகம் சரியாக இருக்கும். "இருபத்தி ஏழு, இருபத்தி எட்டு" என்று வரும்போது வார்த்தை நீண்டு கையும் தாமதமாகிவிடும். ஒன்று முதல் பத்து வரை மூன்று முறை எண்ணுங்கள், தாளம் தப்பாது.

"டாக்டர் இல்லாதவங்களும் இதைக் கத்துக்கலாமா? எங்கப்பா கேட்கச் சொன்னார்."

தாராளமாக. பொதுமக்களுக்கென்றே இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம், வாயில் ஊதாமல் நெஞ்சை மட்டும் அழுத்தும் முறையை வகுத்திருக்கிறது. சுருக்கமாக 'கோல்ஸ்' என்பார்கள். ஆளைத் தட்டிக் கூப்பிடுங்கள், அசைவும் சரியான மூச்சும் இல்லையென்றால் 108க்குப் போன் போடச் சொல்லிவிட்டு அழுத்த ஆரம்பியுங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

"பொம்மைக் கையில ஐ.வி. முதல் தடவையே வருது. வார்டுல ஒண்ணுகூட வர மாட்டேங்குது. ஏன் மேடம்?"

இதுதான் அதிகம் வரும் கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொம்மைக் கையை உற்றுப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் இருநூறு பேர் குத்திய ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். நீங்கள் நரம்பைத் தேடுவதில்லை, ஓட்டையைத் தேடுகிறீர்கள். அதனால் தோலைத் திருப்பிப் போட்டு, கண்ணை மூடி விரலால் தடவி, எங்கே பஞ்சு போல மெத்தென்று எழும்புகிறது என்று சொன்ன பிறகே ஊசியைக் கையில் தருகிறேன். (பாடப்படி அது சிரை. வார்டில் நோயாளியும் சிஸ்டரும் நாமும் சொல்வது நரம்பு. "நரம்பு கிடைக்கல" என்பதை யாரும் நியூராலஜிக்கு அனுப்பியதில்லை.)

அடுத்தது, பொம்மையின் குழாய் அசையாது. நிஜ நரம்பு வழுக்கி ஓடும், அதிலும் வயதானவர்களுக்கு. இடது கைக் கட்டைவிரலால் தோலைக் கீழ்ப்பக்கம் இழுத்துப் பிடிக்காமல் குத்தினால் பக்கத்தில்தான் போகும். இந்த இடது கை வேலையைப் பொம்மை கேட்பதே இல்லை, அதனால் யாரும் பழகுவதும் இல்லை. பொம்மையிலும் வேண்டுமென்றே இழுத்துப் பிடித்துப் பழகுங்கள். மூன்றாவது, ரத்தம் பின்னால் வந்ததும் சந்தோஷத்தில், ஊசியின் மேல் உறை போல இருக்கும் பிளாஸ்டிக் குழாயை உடனே தள்ளுவது. ஊசி முனைதான் உள்ளே போயிருக்கும், பிளாஸ்டிக் முனை இன்னும் வெளியே நிற்கும். கோணத்தைத் தாழ்த்தி இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே நகர்த்திவிட்டு, அப்புறம் வழுக்கிவிடுங்கள். பாதி வெளியே எடுத்த ஊசியை மறுபடி பிளாஸ்டிக்குக்குள் செருகவே கூடாது. முனை அறுந்து உடம்புக்குள் போய்விடும்.

கையில் பட்டையாகக் கட்டக் கையுறையைத்தான் நம் வார்டுகளில் பயன்படுத்துகிறோம், சரி. ஆனால் கட்டிவிட்டுப் பஞ்சு தேடப் போகாதீர்கள். எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்த பிறகு கட்டுங்கள். பெரியவர்களுக்கு எப்போதும் தடிமனான பச்சை 18 நம்பர் ஊசிதான் என்று வீம்பு பிடிக்க வேண்டாம். ரத்தம் ஏற்ற, விபத்துக்கு அது சரி. சாதாரண மருந்துக்கு ரோஸ் 20, மெல்லிய நரம்புக்கு நீலம் 22 போதும். இரண்டு முறை முயன்று வரவில்லையென்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். மூன்றாவது முறை குத்துவது உங்கள் மானத்துக்காக, நோயாளிக்காக அல்ல.

"ஊசி என் கையிலயே குத்திட்டா?"

லேபில் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு என்னிடம் சொல்லுங்கள். வார்டில், நோயாளிக்குப் போட்ட ஊசி என்றால் கதை வேறு. சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். உடனே டியூட்டி டாக்டரிடம் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. திட்டுவார்களே என்று மூன்று நாள் மறைத்து வைத்த ஒரு மாணவரை எனக்குத் தெரியும். அந்த மூன்று நாளும் அவர் பட்ட பாடு எந்தத் திட்டைவிடவும் பெரிது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் (இன்று, ஒரு மாதம், ஆறு மாதம்) வார்டுக்குப் போவதற்கு முன்னால் முடியட்டும். போட்ட ஊசிக்கு மூடி போடாதீர்கள், ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் நேராகப் போட்டுவிடுங்கள். அதையும் லேபிலேயே பழக்கமாக்குவதற்காகத்தான், பொம்மைக்குப் போட்ட ஊசியை மேசையில் வைத்தாலும் நான் கத்துகிறேன்.

"நோயாளியா நடிக்கிற அக்காவைப் பார்த்தா சிரிப்பு வருது. இது நாடகம் மாதிரி இல்லையா?"

நாடகம்தான். 1963இல் லாஸ் ஏஞ்சலசில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் ஆரம்பித்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு நோய்க்கதையை, வலியை, பயத்தைச் சொல்லிக்கொடுத்து நோயாளியாக உட்கார வைத்தார். எந்த மாணவர் வந்தாலும் அவர் அதே கதையைச் சொல்வார். போன பிறகு "நீங்க என் முகத்தையே பார்க்கல தம்பி" என்றும் சொல்வார். நிஜ நோயாளி அதைச் சொல்ல மாட்டார், அடுத்த முறை வேறு டாக்டரிடம் போய்விடுவார்.

சிரிப்பு இரண்டாவது நிமிஷத்தில் போய்விடும். எங்களுக்கு நடிக்க வருகிற ஒரு அக்கா, கரு கலைந்த செய்தியைக் கேட்டதும் எதுவும் பேசாமல் கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருப்பார். அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தவித்தவர்கள்தான் அதிகம். எதுவும் சொல்லாமல் கூடவே உட்கார்ந்திருக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் மிகச் சிலர்.

"புக்ல எல்லாம் இங்கிலீஷ். பேஷண்ட் தமிழ்ல பேசினா எனக்கே புரிய மாட்டேங்குது."

நகரத்துப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள் மட்டும் கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், கிராமத்துப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். வீட்டில் பேசிய தமிழையும் படித்த நோயையும் இணைத்துப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை.

"தலை சுத்துது" என்றால் அறை சுற்றுகிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, நடந்தால் தள்ளாடுகிறதா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மூன்றுக்கும் காரணம் வேறு. "மதமதன்னு இருக்கு" என்பதும் "எரியுது" என்பதும் சர்க்கரை நோயாளியின் காலைப் பற்றி ஒவ்வொன்று சொல்கின்றன. "சூடு பிடிச்சிருக்கு" என்பதற்குப் பின்னால் நீர்க்கடுப்பு இருக்கலாம். "வெள்ளை படுது" என்பதை ஒரு பெண் உங்களிடம் சொல்ல எத்தனை நேரம் எடுத்துக்கொண்டார் என்பதையும் கவனியுங்கள். எல்லாவற்றிலும் ஆபத்தானது "வாயு". நெஞ்சில் வாயு பிடித்திருக்கிறது, ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று வருகிறவருக்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் அனுப்பாதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், வியர்த்திருக்கிறார் என்றால் நான் சொல்லவே தேவையில்லை.

அதனால் எங்கள் ஒத்திகைக் கதைகளை மொழிபெயர்த்து எழுதுவதில்லை. வார்டு ஆயாம்மாவிடம் உட்கார்ந்து "இதை எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்டு எழுதுகிறோம்.

"ஓ.எஸ்.சி.இ.ல செக்லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணா பாஸ் ஆயிடலாமா?"

பாஸ் ஆகலாம். ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் 1975இல், மேசை மேசையாகப் போய்ச் செய்துகாட்டும் இந்த ஓ.எஸ்.சி.இ. தேர்வு முறையை வெளியிட்டபோது நோக்கம் நியாயம்தான். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் பட்டியல். மணி அடித்தால் அடுத்த மேசை. எக்ஸாமினர் மூடு எப்படி, ஷார்ட் கேஸாக, அதாவது பரிசோதித்துக் காட்ட வேண்டிய நோயாளியாக, யார் வந்தார் என்ற அதிர்ஷ்டம் குறைந்தது. எம்.பி.பி.எஸ். முடிக்கிறவர்களுக்கு நாடு முழுக்க ஒரே தேர்வாகத் திட்டமிட்ட நெக்ஸ்ட்டுக்கான 2023 விதிமுறைகளும் இரண்டாம் படியை இந்த மாதிரிச் செய்முறையாகத்தான் வைத்திருந்தன, தேர்வு தள்ளிப்போனது வேறு விஷயம்.

குறையும் உண்டு. "நான் இப்போது கை கழுவுகிறேன்" என்று காற்றில் கையைத் தேய்த்து மதிப்பெண் வாங்குகிறவர்கள் வார்டிலும் காற்றில்தான் கழுவுவார்கள். என் மேசையில் நிஜமாகவே ஹேண்ட் ரப் பாட்டில் இருக்கும். 20 முதல் 30 விநாடி தேய்த்தால்தான் மதிப்பெண். சொன்னால் கிடையாது.

"ஒத்திகை பத்து நிமிஷம்தான். அப்புறம் அரை மணி நேரம் உட்கார வெச்சு ஏன் பேசறீங்க? திட்டறதுக்கா?"

திட்ட வேண்டுமென்றால் அரை மணி தேவையில்லை. கற்பதில் பெரும்பகுதி அந்தப் பேச்சில்தான் நடக்கிறது. ஒரு உதாரணம். ஊசி போட்டதும் ஒவ்வாமை வந்து பொம்மைக்கு பி.பி. விழுகிறது. ஐந்து மாணவர்கள். அதற்கு மருந்து அட்ரினலின், தொடையில் 0.5 மில்லிகிராம் என்பது ஐந்து பேருக்கும் தெரியும். ஒருவர் "யாராவது அட்ரினலின் கொடுங்க" என்றார். நாலு நிமிஷம் யாருமே கொடுக்கவில்லை! ஒவ்வொருவரும் இன்னொருவர் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு உட்கார்ந்து, "அந்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். நான் எதுவும் சொல்லாமலே அவர்களே கண்டுபிடித்தார்கள்: "யாராவது" என்று ஒருவர் டீமில் இல்லை. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும், கொடுத்ததும் "கொடுத்தாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். இதை ஸ்லைடில் பத்து வருஷமாகப் போட்டிருக்கிறேன். ஒருவருக்கும் ஏறவில்லை.

வீடியோ எடுப்பதும் இதற்காகத்தான். பார்த்து முடித்ததும் அழித்துவிடுவோம். அறையில் நடந்ததை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவருக்கு அடுத்த ஒத்திகையில் இடமில்லை.

"பொம்மை செத்துப் போகலாமா?"

எங்களுக்குள்ளேயே சண்டை இருக்கும் விஷயம். தப்பு செய்தால் நோயாளி இறப்பார் என்று உணர வேண்டும் என்பது ஒரு கட்சி. நான் மறு பக்கம். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு முன்னறிவிப்பு இல்லாமல் பொம்மையைச் சாக விட்டால் அவர் கற்பது பயத்தை மட்டும்தான். ஹவுஸ் சர்ஜன்களுக்கு (படிப்பின் கடைசியில் பயிற்சி மருத்துவராக இருப்பவர்களுக்கு), இறப்பைக் குடும்பத்திடம் சொல்வதே பாடமாக இருக்கும்போது சாக விடுவேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

"ஒரு தடவை சர்டிஃபிகேட் வாங்கியாச்சு. மறுபடி எதுக்குக் கூப்பிடறீங்க?"

ஏனென்றால் கை மறந்துவிடும். சி.பி.ஆர். சர்டிஃபிகேட் இரண்டு வருஷம் செல்லும், ஆனால் அந்தத் திறன் மூன்று முதல் ஆறு மாதத்தில் தேய ஆரம்பிக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி எடுப்பதைவிட, மாதம் ஒரு முறை பத்து நிமிஷம் வந்து ஆனை அழுத்திவிட்டுப் போவது நல்லது. மதியம் இரண்டு மணிக்கு மேல் லேப் திறந்துதான் இருக்கும்.

"லாக்புக்ல நாலு கேத்தீட்டர் வேணும், ரெண்டுதான் கிடைச்சுது. சைன் போட்டுடுங்க மேடம், ப்ளீஸ்."

போட மாட்டேன். கூட்டம் அதிகம், வாய்ப்புக் குறைவு என்பது உங்கள் தப்பல்ல, தெரியும். மீதி இரண்டு சிறுநீர்க் குழாயையும் பொம்மையில் என் முன்னால் போடுங்கள், "பொம்மையில்" என்று எழுதியே கையெழுத்துப் போடுகிறேன். செய்யாததைச் செய்ததாக எழுதினால், ஹவுஸ் சர்ஜனாக இரவு டியூட்டியில் அதை நம்பி உங்களைத் தனியாக விட்டுவிடுவார்கள்.

"இப்பதான் இறந்துபோனவர் உடம்புல டியூப் போட்டுப் பழகலாமா? அவருக்கு வலிக்காதே."

வெளியே குடும்பம் அழுதுகொண்டிருக்கிறது. உள்ளே அவர்களுக்குத் தெரியாமல் நாம் பழகிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கதவைத் திறந்தால் என்ன சொல்வீர்கள்? குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டால் தவிர வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் உள் பரிசோதனை பழகுவதும் அப்படித்தான். ஆபரேஷனுக்கு முன்பே, நினைவோடு இருக்கும்போது அவரிடம் கேட்டிருக்க வேண்டும். சீனியர் "பரவாயில்லை, செய்" என்றாலும் உங்களுக்கு மறுக்க உரிமை உண்டு. மறுக்கச் சங்கடமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

"'இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குப் போட்டிருக்கே?'ன்னு பேஷண்ட் கேட்டா என்ன சொல்றது?"

உண்மையைச் சொல்லுங்கள். "பொம்மையில நிறைய தடவை போட்டிருக்கேன். ஆளுக்குன்னா நீங்கதான் முதல். சிஸ்டர் பக்கத்துலேயே இருக்காங்க, எனக்கு வரலைன்னா அவங்க போடுவாங்க." இப்படிச் சொன்னால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள் என்று பயப்படுகிறீர்கள். பெரும்பாலும் நீட்டுகிறார்கள். போன வருஷம் ஒரு பாட்டி, "போடு கண்ணு, ஆனா ரெண்டு தடவைக்கு மேல குத்தக் கூடாது" என்றார். என் கணக்கும் அதேதான்.

வேண்டாம் என்பவர்களும் உண்டு. அப்போது "சரிங்க" என்று சொல்லிவிட்டு சீனியரைக் கூப்பிடுங்கள். அவர் போடும்போது பக்கத்தில் நின்று, அவருடைய இடது கையைப் பாருங்கள்.